மஞ்ச நோட்டீஸும் கூட்டுக் கடனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வக்கீல் இல்லை. நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்ட உதவி மையத்தில் தன்னார்வலராக உட்கார்ந்திருப்பவன். கடன் பிரச்சினையோடு வருகிறவர்கள் உள்ளே வக்கீலைப் பார்ப்பதற்கு முன் என்னிடம்தான் முதலில் பேசுவார்கள். ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை, அதனால் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி வைத்துவிட்டேன். எல்லாமே தமிழ்நாட்டு நடைமுறை. உங்கள் வழக்கில் கடைசி வார்த்தை உங்கள் காகிதங்களைப் பார்த்த வக்கீலுடையது.

"கடனைக் கட்டவே முடியல. ஐ.பி. போட்டுடலாமா?"

ஐ.பி. என்பது இன்சால்வென்சி பெட்டிஷன், அதாவது கோர்ட்டில் கொடுக்கும் திவால் மனு. ஊரில் மஞ்ச நோட்டீஸ் என்று சொல்வது இதைத்தான். போடலாமா என்பது யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதைப் பொறுத்தது. ஒரே ஒரு வங்கிக் கடன், மாதச் சம்பளமும் வருகிறது என்றால் ஐ.பி. பெரும்பாலும் தேவைப்படாது. தவணையை மாற்றி அமைப்பது, ஓ.டி.எஸ். எனப்படும் ஒரே தடவைத் தீர்வு, லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றம் என்று வேறு வழிகள் உண்டு. கைமாற்று, புரோநோட்டு, சீட்டு, கிரெடிட் கார்டு என்று பத்துப் பேருக்குப் பாக்கி, அதில் இரண்டு பேர் டிக்ரியும், அதாவது பணத்தைக் கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்பும், வாங்கிவிட்டார்கள், இருக்கிற சொத்து எல்லோருக்கும் காணாது என்கிற நிலைமைக்குத்தான் ஐ.பி. பொருந்தும்.

எதுவாக இருந்தாலும் மூன்று காகிதங்களில் ஏதாவது ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டால் அந்த வாரமே வக்கீலைப் பாருங்கள்: கோர்ட் சம்மன், செக் திரும்பியதற்கான வக்கீல் நோட்டீஸ், அடமானச் சொத்தை எடுப்பதற்கு முன் வங்கி அனுப்பும் 60 நாள் நோட்டீஸ். இவற்றுக்கெல்லாம் கெடு உண்டு. பயந்துபோய் கவரைப் பிரிக்காமலே பீரோவில் வைத்திருந்து கொண்டுவருகிறவர்கள்தான் அதிகம்.

"எந்த கோர்ட்ல போடணும்? எவ்வளவு கடன் இருந்தா போடலாம்?"

சென்னை நகரத்தில் இருப்பவர்கள் உயர் நீதிமன்றத்தில், 1909-ஆம் ஆண்டின் பிரசிடென்சி நகரத் திவால் சட்டத்தின்படி போட வேண்டும். மற்ற ஊர்களுக்கு 1920-ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டம். நீங்கள் வழக்கமாகக் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்துக்கு உரிய கோர்ட்டில், நடைமுறையில் பெரும்பாலும் சப் கோர்ட்டில், மனு போட வேண்டும்.

கடனைக் கட்ட இயலாத நிலை இருக்க வேண்டும். அதோடு கடன் 500 ரூபாயாவது இருக்க வேண்டும், அல்லது பண டிக்ரிக்காக நீங்கள் கைதாகியிருக்க வேண்டும், அல்லது உங்கள் சொத்து ஜப்தியில் இருக்க வேண்டும். ஆமாம், 500 ரூபாய்தான். நூறு வருஷமாகியும் அந்தத் தொகையை யாரும் தொடவில்லை.

2016-இல் வந்த புதிய திவால் சட்டத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அதில் தனிநபர்களுக்கான பகுதி இதுவரை கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்தான் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். மற்றவர்களுக்குப் பழைய சட்டங்கள்தான்.

"வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இருந்தா நான் ஏன் திவாலாகணும்? இலவசமா யாராவது கிடைப்பாங்களா?"

கிடைப்பார்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு ஆண்டு வருமான வரம்பு இருக்கிறது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கணவரோடு சேர்ந்து கடனில் சிக்கிய பெண்கள் பலர், "அவர் சம்பளம் அதிகம், எனக்குக் கிடைக்காது" என்று தாங்களே முடிவு செய்துகொண்டு வருவதே இல்லை.

ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், தாலுகா கோர்ட்டுகளில் வட்டக் குழு. 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தும் கேட்கலாம். மனு எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொன்னாலே எழுதிக்கொள்வார்கள். ஐ.பி. போடுவதற்கும், உங்கள் மேல் வந்த வழக்கில் எதிர்வாதம் செய்வதற்கும் இந்த உதவி உண்டு. ஒதுக்கிய வக்கீல் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், அதே அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

"காசு கொடுத்தே வெச்சுக்கிறேன். இதுக்குச் சரியான வக்கீல்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

சிவில் பக்கம் பழகியவராக இருக்க வேண்டும். அதிலும் எல்லோரும் ஐ.பி. எடுப்பதில்லை. வங்கி உங்கள் வீட்டை எடுக்க வந்திருக்கிறது என்றால் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில், அதாவது டி.ஆர்.டி.யில், வாதாடுகிறவர் வேண்டும். அது சென்னை, கோயம்புத்தூர், மதுரையில் இருக்கிறது. செக் வழக்கு என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பழகியவர். மூன்றும் ஒருவருக்கே தெரிந்திருந்தால் அதிர்ஷ்டம்தான், ஆனால் எதிர்பார்க்காதீர்கள்.

முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டியதைக் கேளுங்கள். ஐ.பி. எத்தனை நடத்தியிருக்கிறீர்கள்? அதில் எத்தனை விடுவிப்பு உத்தரவு (பழைய கடன்களிலிருந்து விடுவிக்கும் கடைசி உத்தரவு) வரை போயின? ஃபீஸ் எந்தக் கட்டம் வரைக்கும்? மனு போடுவது, கடன்காரர்களுக்கு (கடன் கொடுத்தவர்களுக்கு) நோட்டீஸ், விசாரணை, திவால் உத்தரவு, அதற்கு அப்புறம் விடுவிப்பு மனு என்று கட்டங்கள் இருக்கின்றன. கடைசிக் கட்டம் ஃபீஸில் சேர்ந்திருக்கிறதா என்று தெளிவாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். காரணம் பின்னால் வரும்.

"ஜெயித்தால் இவ்வளவு சதவீதம்" என்று பேசுகிறவரிடம் போகாதீர்கள். முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதை பார் கவுன்சில் விதிகளே தடுக்கின்றன.

"'உங்க கடனைப் பாதியாக்கித் தர்றோம், வக்கீல் டீம் இருக்கு'ன்னு ஒரு கம்பெனி போன் பண்ணுது. நம்பலாமா?"

வக்கீல்கள் தங்களை விளம்பரப்படுத்திக்கொள்வதும், தாங்களாகவே ஆள் தேடிப் போவதும் பார் கவுன்சில் விதிப்படி கூடாது. ஆகவே உங்களை போனில் துரத்துகிறவர் வக்கீல் இல்லை, வியாபாரி. இவர்களில் பலர் செய்வது ஒன்றுதான். தவணையை நிறுத்தச் சொல்லி, அந்தப் பணத்தை மாதாமாதம் தங்களிடம் கட்டச் சொல்வார்கள். வங்கி வழக்குப் போடும்போது வக்காலத்தில் கையெழுத்துப் போட ஆள் இருக்காது.

அதைவிட மோசம், கூட்டுக் கடனில் ஒருவருடைய பெயருக்கு மட்டும் பேசி முடித்துவிட்டு இன்னொருவரை அப்படியே விட்டுவிடுவது. செட்டில்மென்ட் பேச உங்களுக்கு நடுவில் ஆள் தேவையில்லை. நேராக வங்கிக் கிளைக்கு எழுதலாம், அல்லது சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் வழக்குக்கு முந்தைய லோக் அதாலத்துக்குக் கொண்டு போகலாம். அங்கே செலவில்லை, போடுகிற உடன்பாடு கோர்ட் டிக்ரிக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. அதனால் கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள்.

"வக்கீலைப் பார்க்கப் போகும்போது என்ன எடுத்துட்டுப் போகணும்?"

ஒரு நோட்டுப் புத்தகத்தில் பட்டியல்: யாருக்கு, என்ன முகவரி, வாங்கியது எவ்வளவு, எந்தத் தேதி, கட்டியது எவ்வளவு, யார் கூடக் கையெழுத்துப் போட்டார்கள். சொந்தக்காரரிடம் வாங்கிய கைமாற்று உட்பட எல்லாம். ஐ.பி. மனுவில் கடன்காரர்கள் அத்தனை பேரின் பெயரும் முகவரியும் வர வேண்டும், சொத்து அத்தனையும் வர வேண்டும். ஒருவரை விட்டுவிட்டால் அவர் எதிர்த்து நிற்பார், முகவரி தப்பாக இருந்தால் நோட்டீஸ் திரும்பித் திரும்பி வந்து வாய்தா போய்க்கொண்டே இருக்கும்.

அப்புறம் கடன் பத்திரம், அனுமதிக் கடிதம், வங்கி ஸ்டேட்மென்ட், வந்த நோட்டீஸ்கள் கவரோடு. கவரில் உள்ள தபால் முத்திரைத் தேதிதான் சில சமயம் உங்கள் கெடுவைக் காப்பாற்றும்.

"நான் கடன் வாங்கல, சும்மா கையெழுத்துதான் போட்டேன். நானும் கட்டணுமா?"

எந்த இடத்தில் கையெழுத்துப் போட்டீர்கள் என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு அம்மா, தான் ஜாமீன் மட்டும்தான் என்று அடித்துச் சொன்னார். அனுமதிக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்துக்குக் கீழே பொடி எழுத்தில் 'கோ-அப்ளிகன்ட்' என்று அச்சாகியிருந்தது. அதாவது அவரும் கடன் வாங்கியவர். சாட்சியாகப் போட்ட கையெழுத்து என்றால் பொறுப்பு இல்லை. கூட்டுக் கடன்தாரர், ஜாமீன்தாரர் என்றால் பொறுப்பு உண்டு.

1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 43-ஆம் பிரிவுப்படி, சேர்ந்து கையெழுத்துப் போட்டவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம். "எனக்குப் பாதி, அவருக்குப் பாதி" என்பது உங்களுக்குள் இருக்கும் கணக்கு, வங்கியை அது கட்டாது. முழுதும் கட்டியவர் மற்றவரிடம் அவர் பங்கைக் கேட்டு வாங்கலாம். ஜாமீன்தாரரைப் பொறுத்தவரை 128-ஆம் பிரிவு: கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் உங்களுக்கு, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய.

மகளிர் குழுக் கடனிலும் இதே சிக்கல் உண்டு. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டுவதாகக் கூட்டுப் பொறுப்பில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

"வாங்கினவர் காரும் பங்களாவுமா இருக்கார். அவரை விட்டுட்டு என்னை ஏன் புடிக்கிறாங்க?"

நியாயமான கோபம்தான். ஆனால் முதலில் கடன் வாங்கியவரைத் தேடி முடித்துவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பேங்க் ஆஃப் பீகார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960-களின் கடைசியிலேயே இதைத் தீர்த்துவிட்டது. மாதச் சம்பளக்காரரான ஜாமீன்தாரரிடம் வசூலிப்பது சுலபம் என்பதால் வங்கிகள் அந்தப் பக்கமே முதலில் போகின்றன.

உங்களுக்கு இருக்கும் ஆயுதம் வேறு. உங்களைக் கேட்காமல் வங்கியும் கடன்தாரரும் ஒப்பந்தத்தை மாற்றினார்களா, அடமானத்தை வங்கி கைவிட்டதா என்று வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படி நடந்திருந்தால் ஜாமீன்தாரரின் பொறுப்பு குறையவோ போகவோ வாய்ப்பு உண்டு. கட்டித் தீர்த்தால் வங்கிக்கு இருந்த உரிமைகள் எல்லாம் உங்களுக்கு வந்துவிடும், அந்த அடமானம் உட்பட.

"வீட்டுக்காரர் ஐ.பி. போட்டுட்டார். அதோட என் பேர்ல இருக்கிற பொறுப்பும் போயிடும்ல?"

போகாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பவர்கள் இதைப் படித்தால் போதும். மாகாணத் திவால் சட்டம் 44-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு இதை வெளிப்படையாகச் சொல்கிறது: திவாலானவருக்குக் கிடைக்கும் விடுவிப்பு, அவரோடு கூட்டாகக் கடன்பட்டவரையோ, பங்குதாரரையோ, ஜாமீன்தாரரையோ விடுவிக்காது.

நடைமுறையில் நடப்பது என்னவென்றால், கணவரை விட்டுவிட்டுக் கடன்காரர் எல்லோரும் மனைவி பக்கம் திரும்புவார்கள். ஐ.பி. போட்ட மறுமாதம் ஜாமீன் போட்ட மச்சானுக்கோ நண்பருக்கோ நோட்டீஸ் போகும். யாராவது உங்களை நம்பிக் கையெழுத்துப் போட்டிருந்தால், மனு போடுவதற்கு முன் அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் தனக்கு ஒரு வக்கீல் பார்த்துக்கொள்ளவாவது நேரம் கிடைக்கும். சொல்லாமல் போட்டதால் உடைந்த குடும்பங்கள் கடனால் உடைந்தவற்றைவிட அதிகம் என்பது என் எண்ணம்.

"அப்படின்னா ரெண்டு பேரும் சேர்ந்தே போட்டுடலாமா? ஒரே வக்கீல் போதுமா?"

ஆளுக்கு ஒரு மனு போடுவதுதான் வழக்கம். கூட்டுக் கடன்தாரர்கள் மேல் தனித்தனியாக மனுக்கள் இருந்தால் கோர்ட் அவற்றைச் சேர்த்து விசாரிக்கலாம். ஒருவருக்கு மட்டும் சொத்தோ நிலையான சம்பளமோ இருந்தால் இருவரும் போடுவது சரியா என்பதைத் தனித்தனியாக யோசிக்க வேண்டும்.

ஒரே வக்கீல் என்பதில் கவனம் தேவை. கணவன், மனைவி இருவரின் கதையும் ஒன்றாக இருக்கும் வரை சரி. "கையெழுத்து என்னுடையது இல்லை" என்றோ, "பணம் முழுதும் அவர் தொழிலுக்குப் போனது" என்றோ ஒருவர் சொல்ல வேண்டிய நிலை வந்தால் ஒரே வக்கீல் இருவருக்கும் உண்மையாக இருக்க முடியாது. கடன்தாரரும் ஜாமீன்தாரரும் என்றால் ஆரம்பத்திலிருந்தே தனி வக்கீல் வையுங்கள், அவர்கள் நலன் எப்போதும் எதிரெதிர்தான்.

"விவாகரத்து ஆயிடுச்சு. வீட்டுக் கடனை அவர் கட்டணும்னு கோர்ட்லயே எழுதியிருக்கு. பேங்க் என்னைக் கூப்பிடுது."

வங்கி அந்த விவாகரத்து வழக்கில் ஒரு தரப்பு இல்லை, அதனால் அந்த உத்தரவு வங்கியைக் கட்டாது. மேலே சொன்ன 43-ஆம் பிரிவுதான் இங்கேயும். நீங்கள் கட்டினால் அந்த உத்தரவைக் காட்டி அவரிடம் வசூலிக்கலாம், அவ்வளவே.

இன்னும் பிரியாதவர்களுக்கு: உடன்பாடு எழுதும்போதே வங்கியில் கடனை ஒருவர் பெயருக்கு மாற்றவோ, வேறு வங்கிக்கு மாற்றவோ, வீட்டை விற்று அடைக்கவோ ஏற்பாடு செய்யச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள். குடும்ப நல வழக்கு நடத்துகிற சிலர் இந்த இடத்தை ஒற்றை வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

"ஐ.பி. போட்டா வீட்ல இருக்கிற எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுவாங்களா?"

திவால் உத்தரவு வந்ததும் உங்கள் சொத்து கோர்ட்டின் கைக்கோ, சொத்தைப் பொறுப்பேற்கும் அதிகாரியான அஃபீஷியல் ரிசீவர் கைக்கோ போய்விடும் (சென்னையில் அவருக்கு அஃபீஷியல் அசைனி என்று பெயர்). ஆனால் சிவில் நடைமுறைச் சட்டம் 60-ஆம் பிரிவு ஜப்தியிலிருந்து விலக்கி வைத்தவை இதிலும் தப்பும்: உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி போல மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை, கைத்தொழில் செய்பவரின் கருவிகள், விவசாயி குடியிருக்கும் வீடு, பி.எஃப். பணம். தையல்காரரின் மிஷினைத் தொட முடியாது. ஆனால் சம்பளக்காரரின் சொந்த வீட்டுக்கு அந்த விலக்கு கிடையாது.

இருவர் பெயரில் வீடு என்றால் திவாலானவரின் பங்குதான் ரிசீவருக்குப் போகும். ஆனால் வீட்டை அடமானம் வைத்திருந்தால் அது வேறு கதை. அடமானம் பிடித்தவரின் உரிமையை ஐ.பி. தொடாது. வங்கி சர்ஃபேசி சட்டப்படி (கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுக்க வங்கிகளுக்கு வழி செய்யும் சட்டம்) 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் கையகப்படுத்தப் போகலாம். கையகப்படுத்தல் நடவடிக்கை வந்த 45 நாளுக்குள் நீங்கள் டி.ஆர்.டி.க்குப் போக வேண்டும். விவசாய நிலத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

"அதுக்கு முன்னாடியே வீட்டை பையன் பேருக்கு மாத்திட்டா?"

வக்கீலிடம் இதைக் கேட்காமல் போய் செட்டில்மென்ட் பத்திரம் எழுதிவிட்டு வருகிறவர்கள் நிறைய. திவால் உத்தரவுக்கு அடிப்படையான மனுவுக்கு முந்தைய இரண்டு வருஷத்துக்குள், உரிய விலை வாங்காமல் எழுதிக் கொடுத்ததை கோர்ட் ரத்து செய்யலாம். மனுவுக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் ஒரு கடன்காரருக்கு மட்டும் சலுகையாகக் கட்டியதும் செல்லாமல் போகலாம். மாமனாரிடம் வாங்கியதை மட்டும் முதலில் அடைத்துவிட்டு மற்றவர்களுக்கு மஞ்ச நோட்டீஸ் கொடுப்பது இந்த வகைதான்.

சொத்தை மறைத்தாலோ கணக்கை அழித்தாலோ ஒரு வருஷம் வரை சிறையும் உண்டு. நீங்கள் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தால் அதை வக்கீலிடம் மறைக்காதீர்கள். வில்லங்கச் சான்று எடுத்தால் எதிர்த்தரப்பு ஒரே நாளில் கண்டுபிடித்துவிடும்.

"செக் கொடுத்து வெச்சிருக்கேன். ஐ.பி. போட்டா செக் கேஸ் வராதுல்ல?"

வரும். செக் திரும்பினால் அது மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவில் குற்ற வழக்கு. திவால் மனு அதைத் தானாக நிறுத்தாது. செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் செக்கை வாங்கியவர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அது கிடைத்த 15 நாளுக்குள் நீங்கள் கட்டலாம். தண்டனை இரண்டு வருஷம் வரை சிறை, செக் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதம்.

கூட்டுக் கடன்தாரர்களுக்கு இதில் ஒரு ஆறுதல். கூட்டுக் கணக்காகவே இருந்தாலும் செக்கில் கையெழுத்துப் போடாதவர் மேல் 138-இல் வழக்குப் போட முடியாது என்று 2013-இலும் 2021-இலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனைவியைப் பயமுறுத்த அவர் பெயரையும் சேர்த்து நோட்டீஸ் வந்திருந்தால் பதில் நோட்டீஸில் இதை எழுதச் சொல்லுங்கள். கடனுக்கான சிவில் பொறுப்பு வேறு, அது இருந்தால் இருக்கும்.

"வசூலுக்கு வர்றவங்க ஜெயில்ல போட்டுடுவேன்றாங்க."

வங்கியின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னாலும் மாலை 7 மணிக்குப் பின்னாலும் கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாது, சொந்தக்காரர்களிடம் அவமானப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் உத்தரவு போட்டிருக்கிறது. எழுத்தில் வங்கிக்குப் புகார் கொடுங்கள், 30 நாளில் சரியான பதில் இல்லாவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. கந்துவட்டிக்காரர் என்றால் 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி போலீஸ் புகார்.

ஜெயில் விஷயம்: டிக்ரிக்குப் பிறகு சிவில் சிறை என்று ஒன்று இருக்கிறது. ஆனால் வசதியிருந்தும் கட்டாதவருக்கும் ஏமாற்றியவருக்கும்தான் அது. வெறும் இயலாமைக்குச் சிறை கூடாது என்று 1980-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பண டிக்ரிக்காகப் பெண்களைக் கைது செய்யவே முடியாது.

"அப்பா கடனோட இறந்துட்டார். நாங்க கட்டணுமா?"

அவரிடமிருந்து உங்களுக்கு வந்த சொத்தின் அளவுக்கு மட்டும். ஒன்றும் வரவில்லை என்றால் ஒன்றும் இல்லை, நீங்களும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தால் தவிர. அப்பா கடனைப் பிள்ளை தீர்க்க வேண்டியது தர்மம் என்று ஊர் சொல்லலாம். 2005-க்குப் பின் வாங்கிய கடனுக்கு அந்தத் தர்மத்தைக் காட்டி கோர்ட்டில் கேட்க முடியாது.

"தம்பியோட பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு ஜாமீன் போட்டேன். எனக்கும் இந்த ஐ.பி.தானா?"

இல்லை. 2019 டிசம்பர் 1 முதல் உங்களுக்கு 2016-இன் புதிய திவால் சட்டம். சென்னையில் உள்ள தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் வங்கியே உங்கள் மேல் மனு போடலாம், நீங்களும் போடலாம். வங்கி போடுவதானால் முதலில் கேட்பு நோட்டீஸ் வரும், 14 நாள் அவகாசம். மனு போட்ட நாளிலிருந்து வசூல் நடவடிக்கைகளுக்கு இடைக்காலத் தடை தொடங்கும்.

கம்பெனி திவால் நடவடிக்கையில் தப்பித்தாலும் ஜாமீன்தாரர் தப்பிப்பதில்லை. 2021-இலும் 2023-இலும் இந்த ஏற்பாட்டை எதிர்த்துப் போன வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் தோற்றுவிட்டன. சப் கோர்ட் ஐ.பி. வக்கீலிடம் போய் நேரத்தை வீணாக்காமல், இந்தத் தீர்ப்பாயத்தில் வேலை செய்கிறவரைப் பாருங்கள்.

"மூணு வருஷம் தாண்டினா கடன் செல்லாதாமே?"

புரோநோட்டுக்கும் அடமானமில்லாத கடனுக்கும் மூன்று வருஷம் என்பது சரி. அடமானத்துக்கு 12 வருஷம். ஆனால் கெடு முடிவதற்குள் எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ, கொஞ்சம் கட்டினாலோ கணக்கு புதிதாகத் தொடங்கும். "ஆயிரம் ரூபாயாவது போட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்று வீட்டுக்கு வருவது அதற்காகத்தான்.

கூட்டுக் கடனில் ஒருவர் கட்டியதாலோ ஒப்புக்கொண்டதாலோ மட்டும் மற்றவருக்குக் கெடு நீளாது, இது காலவரையறைச் சட்டம் 20-ஆம் பிரிவு. வங்கிகள் பத்திரத்திலேயே இதைத் தாண்டும் வாசகத்தைச் சேர்த்திருப்பார்கள், அதையும் வக்கீலிடம் காட்டுங்கள்.

"திவால்னு ஆர்டர் வாங்கிட்டேன். இனிமே நிம்மதிதானே?"

பாதிதான் முடிந்தது. அந்த ஆர்டரிலேயே எத்தனை காலத்துக்குள் விடுவிப்புக்கு மனு போட வேண்டும் என்று எழுதியிருக்கும். போடாவிட்டால் திவால் உத்தரவே ரத்தாகிவிடும், கடன்காரர்கள் பழையபடி வருவார்கள். ஃபீஸ் பேசும்போது கடைசிக் கட்டத்தைக் கேளுங்கள் என்று சொன்னது இதனால்தான்.

விடுவிப்பும் தானாக வராது. உங்கள் சொத்து, அடமானமில்லாத கடனில் ரூபாய்க்கு 50 காசுக்குக்கூடக் காணவில்லை என்றால் ஏன் அப்படி ஆனது, அதற்கு நீங்கள் பொறுப்பில்லை என்று காட்ட வேண்டும். வியாதி, வெள்ளம், வியாபாரத்தில் மோசடிக்கு ஆளானது என்று எதுவானாலும் அதற்கான காகிதத்தை இப்போதே பத்திரப்படுத்துங்கள். அரசுக்குத் தர வேண்டியது, மோசடியால் வந்த கடன், ஜீவனாம்சம் ஆகியவை விடுவிப்புக்குப் பிறகும் நிற்கும்.

விடுவிப்பு வரும்வரை தேர்தலில் நிற்க முடியாது, கம்பெனி டைரக்டராக இருக்க முடியாது. நான் விடுவிக்கப்படாத திவாலானவன் என்று சொல்லாமல் 50 ரூபாய் கடன் வாங்கினாலும் குற்றம்.

"ஜாமீன் போட்ட நான் முழுசையும் கட்டிட்டேன். ஐ.பி. போட்டவர்கிட்ட திரும்பக் கேட்கலாமா?"

கேட்கலாம், ஆனால் இடமும் நேரமும் முக்கியம். கட்டிய ஜாமீன்தாரருக்கு அதைத் திரும்பப் பெறும் உரிமையை ஒப்பந்தச் சட்டம் 145-ஆம் பிரிவு தருகிறது. உங்களோடு இன்னொரு ஜாமீன்தாரர் இருந்தால் அவரிடம் சரிபாதி கேட்கலாம், அவர் ஐ.பி. போடாதவர் என்றால் அதுவே சுலபமான வழி.

ஐ.பி. போட்டவரைப் பொறுத்தவரை, உங்கள் பாக்கியும் அந்தத் திவால் வழக்கில் நிரூபிக்க வேண்டிய கடன்களில் ஒன்றுதான். நீங்கள் இன்னும் கட்டாமல் இருந்தாலும், கட்ட வேண்டி வரலாம் என்ற பொறுப்பையே அங்கே பதியலாம். அவர் விடுவிப்பு வாங்கும்வரை சும்மா இருந்துவிட்டு, அப்புறம் அவர் நன்றாகச் சம்பாதிக்கிறார் என்று தெரிந்து வழக்குப் போட்டால் பெரும்பாலும் நிற்காது. விடுவிப்புக்கு முன் அவருக்குப் புதிதாக வரும் சொத்தும் ரிசீவர் கைக்குத்தான் போகும், அதில் பங்கு கிடைப்பது பதிந்தவர்களுக்கு மட்டும். ஆகவே அவருடைய ஐ.பி. நோட்டீஸ் கையில் கிடைத்ததும், மேலே இருக்கும் வழக்கு எண்ணைக் குறித்துக்கொண்டு, கட்டிய ரசீதுகளோடு உங்கள் வக்கீல் மூலம் கடன் நிரூபணத்தைத் தாக்கல் செய்யுங்கள்.